மீசை வச்ச குரல்

கடைசியா அவங்களை நான் உயிரோட பார்த்தது துணி அலமாரிக்குள்ளதான், தங்கச்சி. சிரிக்காதீங்க. சரி சிரிங்க, பரவாயில்ல. சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. அழிஞ்சதை மீட்டுக் குடுங்கன்னு நீட்டினதும், இந்த டிஸ்க்ல முக்கியமா என்ன இருந்துச்சுன்னு நீங்கதானே கேட்டீங்க? அதைத்தான் சொல்ல வர்றேன். ஒருத்தரோட குரல் இருந்துச்சு. எங்க பாடகர். பாடகர்னதும் மேடை, மாலைன்னு நினைச்சுக்காதீங்க. தொங்குற சட்டைக்கெல்லாம் நடுவுல ஒரு முக்காலி. அதுல உட்கார்ந்துக்கிட்டு, கதவை முக்கால்வாசி சாத்திக்கிட்டு, வாயைத் திறக்காம ம்ம்ம்னு ஒரு ராகம். துணி இருந்தா எதிரொலி வராதுல்ல. ஸ்டுடியோவுக்கு எங்க போறது? எங்க ஸ்டுடியோவே அதுதான்.

அன்னைக்குக் காலையில பாடி முடிச்சுட்டு, கதவு இடுக்கு வழியா ரெண்டு கையும் நீட்டினாங்க. ஒரு கையில ரெக்கார்டர். இன்னொரு கையில இந்த டிஸ்க், அதுவும் அந்த அலமாரியிலதான் இருக்கும். ரெண்டையும் வாங்கிக்கிட்டு, போயிட்டு வர்றேன்னு கிளம்பிட்டேன். முகத்தைக்கூட நேரா பார்க்கல. என்னோட நீலச் சட்டை, அதோட ஒரு கை மட்டும் அவங்க தோள் மேல விழுந்து கிடந்துச்சு, யாரோ உரிமையா கை போட்ட மாதிரி. அதுதான் ஞாபகத்துல நிக்குது.

நானா? நான் ஒரு முஸ்லிம் நலச் சங்கத்துல ஊடகம் மற்றும் விளம்பரத் துறைப் பொறுப்பாளர். லெட்டர்பேடுல அப்படித்தான் போட்டிருக்கு. துறைன்னா நான், ஒரு கேமரா, ஒரு கால் ஆடுற ஸ்டாண்டு. அவ்வளவுதான் துறை. சம்பளமெல்லாம் இல்ல, தொண்டு. பொழப்புக்கு நான் எலக்ட்ரீஷியன். ஒருநாள் கமிட்டியில, இங்க கேமரா தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டாங்க. எனக்கு அதோட மூடியைக் கழட்டத் தெரியும். கையைத் தூக்கிட்டேன்.

ஆபீஸ் எங்கன்னா, சங்கத்துக் கட்டடத்துல ஸ்டோர் ரூம். ஒரு பக்கம் மடக்கு நாற்காலி, ஒரு பக்கம் சுருட்டின பாய், நடுவுல என் மேசை. மேசைக்குப் பக்கத்துல ஜனாஸா பெட்டி. தெரியும்ல? எங்கள்ல இறந்தவங்களைத் தூக்கிட்டுப் போற பெட்டி. நாலு பக்கமும் நல்ல வலுவான கைப்பிடி. ஒயர் தொங்கவிட அதைவிட வசதி வேற கிடையாது. என் ஒயர் அத்தனையும் அதுலதான் தொங்கும். வர்றவங்க பார்த்துட்டு, என்ன பாய், மரண பயமே இல்லையான்னு கேப்பாங்க. ஒயர் சிக்கு விழுற பயம்தான் பெருசா இருந்துச்சு.

முதல் வீடியோ, தலைவரோட பேச்சு. நாப்பது நிமிஷம். வெட்டாம போட்டேன், வெட்டத் தெரியாது. பதினேழு பேர் பார்த்தாங்க. அதுல பதினோரு தடவை நான். மிச்சம் ஆறு தலைவர். செயலாளர் என்னைத் தனியா கூப்பிட்டார். அவருக்கு நாங்க வச்ச பேரே ரெண்டு நிமிஷம். எதைச் சொன்னாலும் ரெண்டு நிமிஷத்துல முடிங்கம்பார். எங்களுக்கு டயாலிசிஸ் மெஷின் வேணும், ஏழை நோயாளிங்களுக்கு. ஜனங்க மனசு இளகுற மாதிரி ரெண்டு நிமிஷம் வேணும்னார். இளகுறதுக்கு பின்னணியில ஏதாவது ஓடணும்ல? அங்கதான் சிக்கல். எங்க சங்க வீடியோவுல வாத்தியம் வைக்கிறதில்ல. கிட்டார், வயலின் எதுவும் கூடாது. மனுஷன் வாயில வர்ற சத்தம் மட்டும். நான் புத்திசாலியாச்சே, நெட்ல கிடந்த ஒரு வெளிநாட்டுக்காரர் குரலை எடுத்து ஒட்டிட்டேன். மூணாம் நாள் நோட்டீஸ் வந்துச்சு, அடுத்தவங்க சொத்தை எடுத்திருக்கீங்கன்னு. வீடியோவைத் தூக்கிட்டாங்க. நேர்மையைப் பத்தி முந்தின வாரம்தான் ஒரு போஸ்டர் பண்ணியிருந்தேன். அதுவும் நாந்தான்.

சரி, சொந்தக் குரலே வேணும்னு முடிவாச்சு. பள்ளிவாசல்ல தொழுகைக்கு பாங்கு சொல்றவரைக் கேட்டேன். அருமையான சாரீரம். ஆனா அவருக்குச் சின்னதா பாட வராது. டயாலிசிஸ் நோயாளி ஊசி போட்டுக்கிட்டுப் படுத்திருக்கார், பின்னாடி இவர் மலை உச்சியில நின்னு கூப்பிடுற மாதிரி இருக்கு. அப்புறம் நானே வீட்டுல உட்கார்ந்து முனகிப் பார்த்தேன். சமையலறையில இருந்து சத்தம் வந்துச்சு, என்னங்க, ஃப்ரிட்ஜ் ஏதோ ஒரு மாதிரி ஓடுது, பாருங்களேன்னு. பார்த்தேன். ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடிச்சு.

அதுக்கப்புறம்தான் எங்க பாடகர் கிடைச்சாங்க. அந்த டயாலிசிஸ் வீடியோ இருக்கே, தங்கச்சி, பெருமைக்குச் சொல்லல, கல் நெஞ்சுக்காரனும் மூக்கை உறிஞ்சினான். ரெண்டு மெஷின் வந்துருச்சு. அதுக்கப்புறம் எது எடுத்தாலும் அந்தக் குரல்தான். ஸ்கூல் பீஸ், ரத்த தானம், கண் ஆபரேஷன், நாப்பத்தி மூணு வீடியோ. மத்த சங்கத்துக்காரங்க போன் போட்டு, யாரு அந்த பாய், நம்பர் குடுங்கன்னு அரிச்செடுத்துட்டாங்க. பேர் போட்டுக்க விரும்பாத ஒரு சகோதரர்னு சொல்லி வச்சேன். அதுல மதிப்பு இன்னும் ஏறிடுச்சு. என்ன அடக்கம், என்ன இறையச்சம்னு மேடையில பேசுறாங்க. ஒரு மனுஷன், பெரிய குடும்பம், என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறார், அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, என் மகளுக்குப் பார்த்துட்டிருக்கேன்னு. ஆயிடுச்சுன்னேன். அடடா, யாரை முடிச்சிருக்காருன்னு கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? என்னைத்தான்னு சொல்ல முடியுமா?

ஆமா. என் வீட்டுக்காரிதான். ஃப்ரிட்ஜ் சத்தம்னு சொன்னாளே, அவளேதான். இருங்க, இப்படிப் பாடிப் பாருங்கன்னு கரண்டியும் கையுமா வந்து நின்னு பாடிக் காட்டினா. எனக்குக் கை சிலிர்த்துருச்சு. ஆனா பொம்பளை குரல். சங்க வீடியோவுல போட்டா யாராவது ஏதாவது சொல்லிட்டா? யாரும் ஒண்ணும் சொல்லல, சொல்லிடுவாங்களோன்னு நானே நினைச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல குரலைக் கீழ இறக்குற வசதி இருக்குல்ல, அதுல கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன். ஒரு இடத்துல வந்ததும் நல்ல கனமான ஆம்பளைக் குரல். அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுட்டு, எனக்கு மீசை வச்சுட்டீங்களேன்னு சிரிச்சா பாருங்க, அலமாரிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு. அதுல இருந்து அந்தக் குரலுக்கு எங்க வீட்டுல கொழுந்தனார்னு பேர். கொழுந்தனாருக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்ல, நாளைக்கு வரச் சொல்லுங்கம்பா. கல்யாண விஷயத்தைச் சொன்னேனா, பொண்ணு எப்படி இருப்பாளாம், கொழுந்தனாருக்கு ஏத்தவளான்னு விசாரிக்கிறா. உங்க அண்ணன் பெத்த புகழை நீங்க ஒருநாளாவது எடுத்திருக்கீங்களான்னு குத்தல் வேற. தம்பியைத்தான் கொழுந்தன்னு சொல்லணும், அண்ணன்னா மச்சாண்டார்னேன். இல்லாத ஆளுக்கு முறை எதுக்குன்னுட்டா.

வீடியோவுல இருக்குதே, இறக்கின குரலையே திரும்ப மேல ஏத்திடலாமேன்னு கேக்கப் போறீங்க. ஏத்தினேன். நான் ஏத்தாத ஏத்தமா? நாப்பத்தி மூணையும் ஏத்திப் பார்த்துட்டேன். அணில் கத்துற மாதிரி இருக்கு. கொஞ்சம் குறைச்சா அவளும் இல்ல, கொழுந்தனாரும் இல்ல, நடுவுல யாரோ ஒருத்தர். அதோட, எனக்கு அந்த ராகம் அவ்வளவா வேண்டாம். பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேசுவா பாருங்க, ரெக்கார்டர் ஓடிட்டிருக்கும். ஆரம்பிக்கட்டுமாம்பா. உங்க சாக்ஸ் ஒண்ணுதான் இங்க இருக்கு, ஜோடி எங்கம்பா. மூச்சு விடாதீங்க, கேக்குதும்பா. அதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் முதல்ல வெட்டிப் போட்டுட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பேன். வெட்டாத முழு ரெக்கார்டிங் இந்த டிஸ்க்ல மட்டும்தான் இருந்துச்சு. வெட்டுறதுல நான் கெட்டிக்காரன். ஊர்ல எல்லார் வீட்டு விசேஷமும் எடுத்திருக்கேன். பொம்பளைங்க பக்கம் கேமரா திரும்பாது. என் வீட்டு விசேஷத்துலயும் திரும்பல. மத்தபடி போன்ல வாய்ஸ் மெசேஜ் எதாவது இருக்கான்னா, அவ அனுப்ப மாட்டா. எழுதுவா. பால். அவ்வளவுதான் மெசேஜ். வரும்போது பால் வாங்கிட்டு வரணும்னு நான் புரிஞ்சுக்கணும்.

அன்னைக்கா? அன்னைக்கு நான் ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்து அவ காலையில பாடினதை இந்த டிஸ்க்ல ஏத்தி, எடிட் பண்ணிட்டிருந்தேன். காதுல ஹெட்போன். போன் சைலண்ட்ல. பக்கத்து வீட்டு அக்கா பதினாலு தடவை கூப்பிட்டிருக்காங்க. சமையலறையில விழுந்து கிடந்தாளாம். அவங்க கூப்பிட்டுட்டே இருக்காங்க, நான் இங்க அவ குரலைக் கேட்டுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கலாமா, இது போதுமான்னு பட்டனைத் தட்டிட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரும்போது முடிஞ்சிருச்சு.

சாயங்காலம் ரெண்டு பேர் பெட்டியை எடுக்க வந்து அப்படியே தயங்கி நிக்கிறாங்க. ஏன்னா அதுல என் ஒயர் தொங்குது. நானே எடுத்தேன். எட்டு ஒயர். ஒவ்வொண்ணா சுத்தி, முடிச்சுப் போட்டு, மேசையில வச்சேன். செயலாளர் வாசல்லயே நின்னார். வாழ்க்கையில முதல் தடவையா அவர் ரெண்டு நிமிஷம்னு சொல்லல.

அப்புறம் ஒருநாள் தலைவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நாங்க யாராவது வேண்டாம்னு சொன்னோமா பாய், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னார். கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களான்னேன். யோசிச்சுட்டு, அஞ்சு பேர் கொண்ட கமிட்டி போட்டிருப்போம்னார். நல்ல மனுஷன். பொய் சொல்ல வராது.

பழசுக்கு மேல புதுசா ஏதாவது பதிஞ்சிருக்கான்னா கேக்குறீங்க? அதை முதல்லயே சொல்லியிருக்கணும். டிஸ்க்கை நாந்தான் துப்புரவா அழிச்சேன். விழுந்து உடையல, தண்ணி படல. அவ போய் மூணு வாரம். சங்கத்தோட ஆண்டுக் கூட்டம், கேமராவுல இடம் இல்ல, வீடியோவை இறக்கி வைக்க ஒண்ணு வேணும். இதை அழிச்சுட்டுக் கூட்டத்தைப் போட்டுட்டேன். ஒன்றரை மணி நேரம் தலைவர் பேச்சு அவ மேல உட்கார்ந்திருக்கு. மனுஷன் மேடையை விட்டும் இறங்க மாட்டார், டிஸ்க்கை விட்டும் இறங்க மாட்டார். அவர் பேச்சு பதிஞ்ச இடம் போக ஓரத்துல ஏதாவது மிச்சம் இருக்கும்னு சொல்றீங்க. போதும். ஒரு ஆரம்பிக்கட்டுமா கிடைச்சாக்கூட போதும்.

ஒரு விஷயம். கிடைச்சா நீங்களே கேட்டுப் பாருங்க, வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. மூணு கடை தாண்டித்தான் உங்க கடைக்கு வந்தேன், வெளிய போர்டுல ஒரு பொம்பளை பேர் இருந்துச்சு. நாப்பத்தி மூணு வீடியோவுல ஊரே கேட்ட குரல்தான். இருந்தாலும் மீசை இல்லாம கேக்கப் போற முதல் ஆள் நீங்க.

டிஸ்க்கைத் திறந்துதான் ஆகணுமா? அப்ப ஒரு நிமிஷம். மேல ஒட்டியிருக்கிற அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக் கழட்டுங்க, கிழிச்சுடாதீங்க. கொதிக்கிற தண்ணியோட ஆவி காட்டினா உரியும்பாங்க. அழிக்கும்போது அதைப் பார்த்துத்தான் அழிச்சேன். முப்பத்தோரு வருஷத்துல அவ சொன்னதை எதிர்த்துப் பேசாம உடனே செஞ்சது அது ஒண்ணுதான். அன்னைக்கு அலமாரிக்குள்ள உட்கார்ந்து, நான் ரெக்கார்டரைச் சரி பண்ற நேரத்துல எழுதியிருக்கா. டிஸ்க் நிரம்பப் போகுதுன்னு நான் முந்தின நாள்தான் சலிச்சுக்கிட்டேன்.

படிங்க. எழுத்து சின்னதாத்தான் இருக்கும். இந்த வீடியோ முடிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சுக்கலாம். அதுக்குக் கீழ, பால்.