கடைசி வரிசை

உங்கள் ஜீப்பின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் வலது மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது, சார். ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தபோது பார்த்தேன். அச்சடித்த மை ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மேலே லேமினேஷன் போட வேண்டும். எவனோ ஒரு அவசரக்குடுக்கை ஈரத்தோடு போட்டிருக்கிறான். அடுத்த மழைக்குள் பாதி உரிந்துவிடும். அரியலூரில் இந்த வேலை தெரிந்தவர்களை எண்ண ஒரு கை தேவையில்லை, ஒரு விரல் போதும்.

என் பெயர் ராஜவேல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அசோக்கின் ஸ்டிக்கர் கடையில் பதினாறு வருடமாகக் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். நீங்கள் நேற்று பிடித்துவந்த கலைச்செல்வன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். அவனுக்காகப் பேச வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. தாளில் படம் அச்சாகும். நான்கு மூலையிலும் கறுப்பாக ஒரு குறி விழும். மெஷினுக்குச் சின்னதாக ஒரு கண் உண்டு. அது அந்தக் குறிகளைப் படித்து, படம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். பிறகு கத்தி படத்தின் விளிம்போடு போகும். மேல்தாள் அறுபட வேண்டும், அடித்தாளில் கீறல் மட்டும்தான் விழ வேண்டும். வெட்டி முடித்ததும் சுற்றியுள்ள கழிவை ஒரே இழுப்பில் உரித்துவிடுவோம். இவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்ய எனக்கு ஆறு வருடம் ஆனது.

போன ஆடியில் புது லேமினேஷன் ரோல் வந்தது. கண்ணாடி மாதிரி மின்னும் ரகம். அதைப் போட்டதிலிருந்து மெஷின் குறியைப் படிக்க மறுத்தது. கத்தியை மாற்றினேன், உருளையைத் துடைத்தேன், தாளை மாற்றி மாற்றி ஏற்றினேன். மூன்று நாள். பெரம்பலூரிலிருந்து வந்து இரண்டே வாரமான இந்தக் கலைச்செல்வன், மினுக்கம் இல்லாத டேப்பை நான்கு குறிகளின் மேலும் ஒட்டினான். மெஷின் உடனே படித்தது.

"பளபளப்புல வெளிச்சம் திருப்பி அடிக்குதுண்ணே. அதான் அதுக்குக் கண்ணு கூசுது" என்றான்.

கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் சொன்னான். அலட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அசோக் அதோடு விடவில்லை. "மூணு நாளா முக்குனியே ராஜவேலு, தம்பி ஒரு நிமிசத்துல முடிச்சுட்டான் பாத்தியா" என்று, வருகிற கஸ்டமரிடமெல்லாம் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தான். குருட்டாம்போக்கில் விழுந்த ஒரு டேப்புக்கு இத்தனை மேளதாளம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

இப்போது வைரக்கண்ணு விஷயத்துக்கு வருகிறேன். கீழப்பழுவூர்க்காரர், நாட்டு மருந்து காய்ச்சுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலாக்குறிச்சியில் மாதா கோயிலுக்கு வருகிறவர்களை நம்பி, பஸ் நிற்கும் இடத்தில் தட்டு வைப்பார். அவரிடம் இரண்டே சரக்கு. பிள்ளைகளுக்கு இருமல் மருந்து, பெரியவர்களுக்கு மூட்டுவலித் தைலம். இரண்டுக்கும் ஒரே பழுப்பு பாட்டில், ஒரே நீலகிரி வாசனை, ஒரே பச்சை இலை வடிவ ஸ்டிக்கர், நடுவில் 'வைரம்' என்று பெயர். தைலத்துக்கு மட்டும் இலையின் அடி விளிம்பில் நான்கு மில்லிமீட்டரில் ஒரு சிவப்புப் பட்டை: 'வெளியே தடவ மட்டும், குடிக்கக் கூடாது.' பட்டை இருந்தால் தைலம், இல்லாவிட்டால் இருமல் மருந்து. சுற்றுவட்டாரமே அப்படித்தான் வாங்குகிறது.

விளிம்பில் எழுத்து வைக்காதீர்கள், கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் போய்விடும் என்று அவரிடம் சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"நடுவுல வச்சா இலையோட அழகு போயிரும்ங்க. நீங்க ஒழுங்கா வெட்டுனா எனக்கு என்ன பயம்?" என்றார்.

அழகாம். உயிரை அழகுக்குப் பின்னால் நிறுத்துகிறவர்களைத் திருத்த முடியாது. ஆனாலும் நான்கு வருடம் அந்தப் பட்டை ஒரு மயிரிழை குறையாமல் வெட்டிக்கொடுத்தேன். இந்தப் பங்குனியில் அசோக் அந்த வேலையை என் கையிலிருந்து எடுத்துக் கலைச்செல்வனிடம் கொடுத்தான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலையிலும் முதல் ஸ்டிக்கரை உரித்து மெஷினின் பக்கவாட்டில் ஒட்டுவார்கள், ராசிக்கு. அது சரியாக இருந்தால் அசோக் தட்டிக்கொடுத்து "ஓகே" என்பான். கடைசி வரிசையை எவனும் பார்க்கமாட்டான். முதல் வரிசையைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் பார்த்ததாக நினைக்கிற கூட்டம் அது. நீங்களும் அந்தப் பக்கவாட்டைத்தானே போட்டோ எடுத்துக்கொண்டு போனீர்கள்.

கலைச்செல்வன் மதியம் சாப்பிடப் போனான். நான் மெஷினில் இரண்டு மாற்றம் செய்தேன். தாளின் கடைசி முனையில் இருக்கும் இரண்டு குறிகளைப் படிக்க வேண்டாம் என்று வைத்தேன். நீளக் கணக்கில் ஆயிரத்துக்கு ஆறு குறைத்தேன். முதல் வரிசையில் அது தெரியாது. வரிசைக்கு வரிசை கத்தி சிறிது சிறிதாகப் பின்தங்கும். கடைசியான ஏழாவது வரிசைக்கு வரும்போது நான்கு மில்லிமீட்டர், பட்டையின் முழு அகலம். சிவப்புப் பட்டை மட்டும் கழிவோடு போய்விடும். தாளின் பின்னணி முழுவதும் பச்சை என்பதால் இலை முழு இலையாகவே இருக்கும். அசிங்கமாக வெட்ட யாராலும் முடியும், சார். இப்படி வெட்ட வேலை தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வரிசையில் தாளுக்குப் பத்து ஸ்டிக்கர், இருபது தாள். மறுநாள் காலையில் மெஷினைப் பழையபடி வைத்துவிட்டேன்.

வைரக்கண்ணு கத்திக்கொண்டு வருவார், அசோக் தலைகுனிவான், கலைச்செல்வன் பெட்டியைக் கட்டுவான். இதைத்தான் எதிர்பார்த்தேன். பத்து நாள் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. இருநூறு ஸ்டிக்கரில் பட்டை இல்லை, ஒட்டினவருக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை. கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்கு மத்தியில் நான் பதினாறு வருடம் மில்லிமீட்டர் பார்த்திருக்கிறேன். அதை நினைத்துத்தான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே ஏலாக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். தட்டில் இரண்டு மருந்தும் கலந்து கிடந்தன. வைரக்கண்ணுவின் மனைவி கமலவேணி வேறு யாருக்கோ சில்லறை எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தேன். இலையின் நுனியில் கத்தி திரும்பும் இடத்தில் மெல்லிய ஒரு பிசிறு விழும். அது என் மெஷினின் கையெழுத்து, இருமல் மருந்து ஸ்டிக்கரில் இருக்காது, அதைக் கடையிலிருக்கும் இன்னொரு பழைய மெஷினில் வெட்டுவோம். கையிலிருந்தது தைலம். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். சுத்தமான வெட்டு.

பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். மணிமொழி என்று உங்கள் காகிதத்தில் பார்த்துத்தான் பெயர் தெரிந்துகொண்டேன். இடுப்பில் இருந்த குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. நான் தட்டில் வைத்த அதே பாட்டிலை எடுத்தாள்.

"அண்ணே, இது இருமலுக்குத்தானுங்களே?"

என்னைத்தான் கேட்டாள். நான் கடைக்காரன் என்று நினைத்திருப்பாள்.

"ஸ்டிக்கர்ல என்ன இருக்கோ அதாங்க" என்றேன்.

திருப்பிப் பார்த்தாள். "பட்டை இல்ல. அப்ப இருமலுக்குத்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எவ்வளவு கவனமான பெண் பாருங்கள். அத்தனை பேரில் விளிம்பைப் பார்த்தது அவள் ஒருத்திதான். அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

தா.பழூர் போவதற்குள் பஸ்ஸிலேயே இரண்டு ஸ்பூன் கொடுத்திருக்கிறாள். குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது. முத்தமிழ், மூன்று வயது. ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை வரை உயிர் இருந்ததாகச் சொன்னார்கள். நான் திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

கடைக்கு நீங்கள் வந்தபோது கலைச்செல்வன் அழுதுகொண்டே என்ன சொன்னான், நினைவிருக்கிறதா? "நான் ஒட்டுன டேப்பு நகந்திருக்கும் சார், என் தப்புதான்" என்றான். பட்டை போன பிறகும் அவனுக்கு அவன் டேப்தான் பெரிதாகத் தெரிகிறது. மெஷின் கம்பெனியிலிருந்து வந்த ஆள் அதைத் திறந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று எழுத வெட்கப்பட்டு, 'திடீர்க் கோளாறு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் நீங்கள் அவன்மேல் கவனக்குறைவு என்று கேஸ் போடப்போவதாக அசோக் இன்று காலை சொன்னான். அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பி வந்தேன்.

கோளாறு, கவனக்குறைவு. இரண்டு வார்த்தையையும் அடித்துவிடுங்கள். அந்த வெட்டில் இரண்டுமே கிடையாது. ஏழாவது வரிசையில் நான்கு மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டேன், நான்கு மில்லிமீட்டர்தான் விழுந்தது. குடித்தால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்தச் சிவப்பு எழுத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னேனா என்றால், இல்லை. ஸ்டிக்கரில் இருந்ததைத்தான் சொன்னேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பதினாறு வருடத்தில் ராஜவேல் கையில் ஒரு வேலைகூடக் கெட்டுப்போனதில்லை.