மேனேஜருக்கு ஊசி

சொர்ணவல்லி: மடியிலருந்து எறக்கி விடுங்க. வேட்டி பூரா முடி.

ஆவுடையப்பன்: கீழ விட்டா அந்த ஆடு முட்டும். பச்சப்புள்ள.

சொர்ணவல்லி: பச்சப்புள்ளயா... காலையில என் செருப்புல பாதியக் கடிச்சுத் துப்பிட்டு நிக்கிது ஒங்க பச்சப்புள்ள. நாய்க்குட்டி நாலு மாசத்துல பெரிய ஆளுங்க.

ஆவுடையப்பன்: மெதுவாப் பேசு, சொர்ணம். மேனேஜர் காதுல விழுந்தா வருத்தப்படுவாரு.

சொர்ணவல்லி: ஆமா, அது வேற. மாடு ஆடு புடிச்சுக்கிட்டு நிக்கிற அம்புட்டுப் பேரும் இங்கிட்டே பாக்குறாங்க. நாய்க்கு மேனேஜர்னு பேரு வச்ச மகராசன் யாருன்னு.

ஆவுடையப்பன்: பாக்கட்டுமே. மஸ்கட்டுல இருவது வருசம் ஒரு மேனேஜர் முன்னால யெஸ் சார், யெஸ் சார்னு நின்னேன். இப்ப நான் உக்காருன்னா ஒரு மேனேஜர் உக்காருறாரு. அந்த சொகம் ஒனக்குத் தெரியாது.

சொர்ணவல்லி: எப்ப உக்காந்தாரு? நேத்து நீங்க உக்காரு உக்காருன்னு சொல்லிச் சொல்லி... கடைசியில நீங்கதான் உக்காந்தீங்க.

ஆவுடையப்பன்: எனக்கு முட்டி வலி. அதுக்காக உக்காந்தேன்.

சொர்ணவல்லி: சரி சரி. ஏங்க, ஊசி அதுக்குத்தான? ஒங்க கை எதுக்கு நடுங்குது?

ஆவுடையப்பன்: குளுரு.

சொர்ணவல்லி: கீரனூர் மாட்டாஸ்பத்திரியில... சித்திர வெயில்ல... குளுரு.

ஆவுடையப்பன்: நீ அந்த ஆட்டப் பாரு. ஒன் தலைப் பூவ மேயுது.

சொர்ணவல்லி: அட சனியனே, போ அங்கிட்டு... பேச்ச மாத்தாதீங்க. ரெண்டு மாசத்துக் குட்டியா வந்தது. இன்னைக்கு வரைக்கும் வெறிநோய் ஊசி போடாம இழுத்தடிச்சது யாரு? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு...

ஆவுடையப்பன்: வலிக்குமேன்னு பாத்தேன். தொப்புளச் சுத்திப் போட்டா தாங்குமா அது?

சொர்ணவல்லி: அது மனுசனுக்குங்க. நாய் கடிச்ச மனுசனுக்குத்தான் தொப்புளச் சுத்தி. எங்க பெரியப்பாவுக்குப் போட்டாங்க. அவரு அலறுனது இன்னும் என் காதுல இருக்கு.

ஆவுடையப்பன்: அதெல்லாம் அந்தக் காலம். இப்ப யாரு தொப்புள்ல போடுறா? கையிலதான். தோலுக்கு லேசா அடியில... இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு. எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு...

சொர்ணவல்லி: ம்...

ஆவுடையப்பன்: ...னு டி.வி.ல சொன்னாங்க.

சொர்ணவல்லி: எந்த டி.வி.ல?

ஆவுடையப்பன்: நம்ம வீட்டு டி.வி.லதான்.

சொர்ணவல்லி: நம்ம வீட்டு டி.வி. வயர ஒங்க மேனேஜர் கடிச்சுத் துண்டாக்கி ஒரு மாசம் ஆகப்போவுது. அதுலருந்து டி.வி. ஓடல.

ஆவுடையப்பன்: அதுக்கு... முந்தி சொன்னாங்க.

சொர்ணவல்லி: ஓ. முந்தி. சரிங்க. இந்த ஒரு மாசமா நீங்க அடிக்கடி புதுக்கோட்டை பஸ் ஏறுறீங்களே, அது எதுக்கு?

ஆவுடையப்பன்: சொன்னேன்ல. கண்ணாடி மாத்த.

சொர்ணவல்லி: மூக்கு மேல இருக்கிறது பழய கண்ணாடி.

ஆவுடையப்பன்: புதுசு இன்னும் வரல. அளவெடுத்துக்கிட்டு இருக்காங்க.

சொர்ணவல்லி: ஒரு மாசமாவா? ஒங்க மொகம் அம்புட்டுப் பெருசா...

ஆவுடையப்பன்: நீ மட்டும் என்ன? திடீர்னு பக்தி வந்து குன்றாண்டார்கோவிலுக்குப் போறதும் வாரதுமா இருக்க. நான் ஒரு வார்த்த கேட்டேனா?

சொர்ணவல்லி: எனக்கு வேண்டுதல்.

ஆவுடையப்பன்: என்ன வேண்டுதல்?

சொர்ணவல்லி: வெளிய சொன்னா பலிக்காது.

ஆவுடையப்பன்: போயிட்டு வந்தா கையத் தடவிக்கிட்டே இருக்கியே?

சொர்ணவல்லி: அது... கோயில்ல கூட்டம். இடிச்சுட்டாங்க.

ஆவுடையப்பன்: அங்க என்ன கூட்டம்? வெள்ளிக்கெழமயே ஈ காக்கா இருக்காது.

சொர்ணவல்லி: நான் போற அன்னைக்கு வந்துருது. ஏங்க, மேனேஜர் வந்த அன்னைக்கு நாம என்ன பேசுனோம், ஞாபகம் இருக்கா?

ஆவுடையப்பன்: என்னென்னமோ பேசுனோம்.

சொர்ணவல்லி: நம்ம பய அய்யப்பன் சிங்கப்பூர்லருந்து வீடியோ கால்ல இருந்தான். அவனச் சாட்சியா வச்சு நாம ரெண்டு பேரும் வாக்குக் குடுத்தோம்.

ஆவுடையப்பன்: அவனுக்கு அன்னைக்கு சிக்னல் சரியில்ல.

சொர்ணவல்லி: வீட்டுல யாரு மேல பல்லு பட்டாலும் சரி. அன்னைக்கே என் தம்பி மலையாண்டி தோப்புல கொண்டு போய் விட்டுறணும். பெரியப்பா பட்ட பாட்டப் பாத்தவ நான். நான் கேட்டேன், நீங்க சரின்னீங்க.

ஆவுடையப்பன்: ஏ சொர்ணம்... பல்லு படுறதுன்னா எப்படி? வெளாட்டுக்குக் கவ்வுறதும் கணக்கா?

சொர்ணவல்லி: ரத்தம் வந்தாக் கணக்கு.

ஆவுடையப்பன்: லேசா வந்தா?

சொர்ணவல்லி: ஏங்க?

ஆவுடையப்பன்: பொதுவாக் கேக்குறேன். இப்ப ஊர்ல எவனையோ கவ்விருச்சு, லேசா ரத்தம், சுண்ணாம்ப வச்சோம், நின்னு போச்சு. அப்படின்னா?

சொர்ணவல்லி: சுண்ணாம்பா? அதெல்லாம் வைக்கவே கூடாதுங்க. சுண்ணாம்பு, காப்பித்தூள், மொளகாப்பொடி, ஒண்ணும் ஆகாது. சோப்பப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும். கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஆவுடையப்பன்: ஒனக்கு யாரு சொன்னா?

சொர்ணவல்லி: ...மகளிர் குழுவுல.

ஆவுடையப்பன்: மகளிர் குழுவுல சோப்பு விக்கிறதத்தான பேசுவீங்க?

சொர்ணவல்லி: சோப்புப் பேச்சு வந்தப்ப இதுவும் வந்துச்சு. எந்திரிங்க, டாக்டரம்மா கூப்புடுறாங்க.

டாக்டர் இலக்கியா: அடுத்து யாருங்க? பேரு?

ஆவுடையப்பன்: ஆவுடையப்பன்.

இலக்கியா: நாய் பேரக் கேட்டேன், ஐயா.

ஆவுடையப்பன்: மேனேஜர்.

இலக்கியா: மேனே... மேனேஜரா?

சொர்ணவல்லி: சிரிச்சுருங்க டாக்டரம்மா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

இலக்கியா: இல்ல, இல்ல... மேனேஜர உள்ள கொண்டாங்க. இந்த மேசை மேல நிப்பாட்டுங்க. நீங்க தலைப்பக்கம் புடிங்க, ஐயா. அம்மா, நீங்க பின்னால. வீட்டுக்குள்ளதான் இருக்காரா?

சொர்ணவல்லி: வீட்டுக்குள்ளயா? கட்டில்ல தலகாணி போட்டுப் படுக்குறாரு. இவரு கீழ பாயில படுக்குறாரு.

ஆவுடையப்பன்: எனக்கு முதுகு வலி. டாக்டரு தரையில படுக்கச் சொன்னாரு.

இலக்கியா: நல்லாத்தான் வளத்துருக்கீங்க. கண்ணு சுத்தமா இருக்கு, மூக்கு சுத்தமா இருக்கு. இதுக்கு முன்னால யாரையாவது கடிச்சிருக்காரா?

ஆவுடையப்பன்: இல்ல.

சொர்ணவல்லி: இல்லவே இல்ல.

இலக்கியா: ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொல்றீங்க. ஐயா, ஒங்க கட்ட வெரல்ல அது என்ன தழும்பு?

ஆவுடையப்பன்: அருவாமண.

சொர்ணவல்லி: சமைக்கிறது நான். அருவாமண ஒங்கள எங்க பாத்துச்சு?

ஆவுடையப்பன்: ஒரு நாளு... தேங்கா துருவலாம்னு...

இலக்கியா: அருவாமண வெட்டுனா கோடு இருக்கும், ஐயா. இது ரெண்டு புள்ளி. குட்டிப்பல்லு. நான் திட்டுறதுக்காகக் கேக்கல. இந்த நோய் நாய்க்கு வேற, மனுசருக்கு வேற இல்ல. ஒரே நோய்தான். இவருக்கு ஊசி போட்டா ஒங்க வீட்டுக்கும் சேத்துப் பாதுகாப்பு. ஆனா ஊசி போடுறதுக்கு முன்னாலயே கடிச்சிருந்தா நீங்க தனியாப் போட்டுருக்கணும். நோய் வந்துருச்சுன்னா அப்புறம் காப்பாத்த வழியில்ல. உண்மையச் சொல்லுங்க.

ஆவுடையப்பன்: மேனேஜர், ஆடாம நில்லுங்க.

சொர்ணவல்லி: ஏங்க, பேச்ச மாத்தாதீங்க. உண்மையச் சொல்லுங்க.

ஆவுடையப்பன்: போட்டேன், டாக்டரம்மா. அன்னைக்கே போயிட்டேன். ஒரு ஊசி கூட விடல. நாளைக்குக் கடைசி ஊசி.

சொர்ணவல்லி: அப்பக் கண்ணாடி?

ஆவுடையப்பன்: கண்ணாடி இல்ல.

சொர்ணவல்லி: அளவெடுத்தது?

ஆவுடையப்பன்: ஊசிக்கு.

சொர்ணவல்லி: அடப் பாவி மனுசா. கீரனூர்ல ஆஸ்பத்திரி இல்லயா? எதுக்குப் புதுக்கோட்டை வரைக்கும்?

ஆவுடையப்பன்: கீரனூர்ல ஒன் சித்தப்பா மக நர்சா இருக்கா. நான் ஊசி போட்டு சட்டக் கையக் கீழ எறக்குறதுக்குள்ள ஒனக்கு போன் வந்துரும்.

இலக்கியா: எப்படிக் கடிச்சாரு?

ஆவுடையப்பன்: டி.வி. வயர வாயில வச்சுக் கொதறிக்கிட்டு இருந்தாரு. கரண்டு புடிச்சுருமேன்னு ஓடிப்போயி சுவிட்ச அமத்திட்டுப் புடுங்குனேன். வயரு பாதி வந்துச்சு, வெரலும் பாதி உள்ள போச்சு. அவரு மேல தப்பில்ல. வெரலு எது, வயரு எதுன்னு தெரியாத வயசு.

இலக்கியா: பல்லு மொளைக்கிற நேரம், எல்லாத்தயும் கவ்வும்தான். கடிச்சு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, மேனேஜர் நல்லா இருக்காரு. பயப்பட ஒண்ணுமில்ல. இருந்தாலும் நாளைக்கு ஊசிய விட்டுறாதீங்க.

ஆவுடையப்பன்: விட மாட்டேன். ஆனா ஒரு அசிங்கம் ஆயிப்போச்சு, டாக்டரம்மா. மொத நாளு அங்க நர்சம்மா என்னய்யா கடிச்சதுன்னாங்க. நான் பதட்டத்துல, மேனேஜர் கடிச்சுட்டாருன்னு சொல்லிட்டேன்.

சொர்ணவல்லி: ஐயோ...

ஆவுடையப்பன்: எந்த ஆபீசு மேனேஜருன்னு கேட்டாங்க. பின்னால நின்ன ஒருத்தரு, சம்பள ஒயர்வு கேட்டீங்களான்னு கேட்டாரு.

இலக்கியா: இருங்க, இருங்க... நான் சிரிச்சு முடிச்சுட்டுத்தான் ஊசி போடணும். கை ஆடுது. ம்... புடிச்சுக்கங்க. லேசா... அவ்வளவுதான்.

ஆவுடையப்பன்: ஆ... அம்மா...

இலக்கியா: ஐயா, ஊசி நாய்க்கு.

ஆவுடையப்பன்: முடிஞ்சிருச்சா? அவரு ஒண்ணும் சொல்லலயே.

சொர்ணவல்லி: அவரு என் வளையல நக்கிக்கிட்டு இருக்காரு. கத்துனது நீங்க.

இலக்கியா: அடுத்த ஊசிக்கு எப்ப வரணும்னு வெளிய சொல்வாங்க. அதுவரைக்கும் தெரு நாயோட வெளாட விடாதீங்க.

சொர்ணவல்லி: எங்க வீட்டுல இருந்தாத்தான தெரு நாயப் பத்திக் கவல, டாக்டரம்மா. அவரு தோப்புக்குப் போறாரு.

ஆவுடையப்பன்: சொர்ணம்...

சொர்ணவல்லி: பேச்சுன்னா பேச்சுங்க. ரத்தம் வந்துச்சா இல்லயா? வாக்குக் குடுத்தோமா இல்லயா?

ஆவுடையப்பன்: குடுத்தோம். குடுக்கலன்னு சொல்லல. ஆனா நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. பய சிங்கப்பூர் போனப்புறம் நான் எப்படிக் கெடந்தேன்? விடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டேன். நீ காப்பிய வச்சுட்டுப் போவ, ஆறிக் கெடக்கும். பேச்சுத் தொணைக்குச் சொவரு. பிரசர் மாத்திர ஒண்ணு ரெண்டாச்சு.

சொர்ணவல்லி: தெரியும். நான்தான கூட இருந்தேன்.

ஆவுடையப்பன்: இவரு வந்ததுலருந்து, கருக்கல்லயே மூஞ்சிய நக்கி எழுப்பிவிட்டுர்றாரு. கொளத்துக்கர வரைக்கும் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போறாரு. போற வழியில நாலு பேரு நின்னு, மேனேஜர் எப்படி இருக்காருன்னு கேக்குறாங்க. நானும் நாலு வார்த்த பேசுறேன். போன தடவ பிரசர் பாத்த டாக்டரு ஒரு மாத்திரய நிறுத்திட்டாரு. என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல... தோப்புல கொண்டு போய்க் கட்டுனா அவரும் ஏங்கிப் போவாரு, நானும் ஏங்கிப் போவேன். வாக்குத்தான் முக்கியம்னா ஒண்ணு பண்ணு. மலையாண்டிட்டச் சொல்லி எனக்கும் ஒரு சங்கிலி வாங்கி வைக்கச் சொல்லு. ஒரே தென்ன மரத்துல ரெண்டு பேரயும் கட்டிரு. நாள் கெழமைக்கு நீ வந்து பாத்துட்டுப் போ.

சொர்ணவல்லி: கண்ணத் தொடைங்க. ஆடு எட்டிப் பாக்குது.

ஆவுடையப்பன்: பாக்கட்டும். நாய் கடிச்சத ஒன்கிட்ட மறச்சது தப்புத்தான். அந்தத் தப்ப நான் பண்ணுனேன், அவருக்கு ஏன் தண்டன? பொய் சொல்லாத பொண்டாட்டி நீ. ஒன்கிட்டப் போயி ஒரு மாசமா...

சொர்ணவல்லி: அத விடுங்க.

ஆவுடையப்பன்: எப்படி விடுறது? நீ எம்புட்டு நேர்மையானவ. கோயிலு, வேண்டுதல்னு...

சொர்ணவல்லி: விடுங்கங்கிறேன்ல.

இலக்கியா: அம்மா, இவ்வளவு சொல்றாரு. பாவமா இருக்கு. வெளிய ரெண்டு மாடு, ஒரு கன்னுக்குட்டி காத்துக்கிட்டு இருக்கு. மேனேஜர் ஒங்க வீட்டுக்கா, தோப்புக்கா? நீங்கதான் சொல்லணும்.

சொர்ணவல்லி: சொல்றேன், டாக்டரம்மா... அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். அந்த டி.வி. வயரோட மிச்சத்த அன்னைக்கு மத்தியானம் மேனேஜர் வாயிலருந்து புடுங்குனது நான்தான்... மூணு ஊசிய குன்றாண்டார்கோவில் ஆஸ்பத்திரியில போட்டுட்டு நாலாவதப் புதுக்கோட்டையில போட்டுக்கிட்டாச் செல்லுமா? செல்லும்னா நாளைக்கு மேனேஜர்ட்ட லீவு சொல்லிட்டு, நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போயிட்டு வந்துருவோம்.