முகம் கழுவிப் பார்க்கும் வழக்கம்

பச்சைப்பயறு மாவை மூன்று முறை சலிக்க வேண்டும், டாக்டர் ஐயா. இரண்டு முறை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மாவில் பயற்றின் தோல் தூளாகக் கிடக்கும். விரலுக்குத் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும்.

சபியாவின் முகத்தில் என்ன பூசினேன் என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் விளங்காது. ஒரு முகத்தை எப்படிப் பேணுவது என்பதிலிருந்து தொடங்கினால்தான், அந்தப் பொருள் எந்த இடத்தில் வந்து சேர்ந்தது என்று தெரியும். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

என் பெயர் ஐசும்மா. பாலக்காட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த முகம்மது ராவுத்தரின் தங்கை. இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்த வருஷம் அண்ணன் மனைவியும் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் விட்டுப்போன மகள்தான் சபியா. அப்போது மூன்று வயது. என் மடியில் வந்து உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று அண்ணன் வேடிக்கையாகச் சொல்வார்.

கடையில் கஸ்தூரி மஞ்சள், சந்தனம், வெட்டிவேர், பன்னீர் எல்லாம் இருந்தன. என்னிடம் பகல் முழுவதும் இருந்தது. எது தோலை என்ன செய்கிறது என்று என் முன்கையில் பூசிப் பார்த்துக் கற்றேன். முடிவில் தெரிந்தது இதுதான்: முகத்துக்குக் கொஞ்சம் செய்தால் போதும், தினமும் செய்ய வேண்டும். காலையில் பயற்றமாவும் கிணற்றுத் தண்ணீரும். ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டு வாதுமை எண்ணெய். காய்ந்த முகத்தில் பூசினால் எண்ணெய் மேலே பளபளவென்று நிற்கும். ஈர முகத்தில் பூசினால் அந்த ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடும். வாரத்துக்கு ஒருநாள் பாலாடையில் குழைத்த கஸ்தூரி மஞ்சள். அவ்வளவுதான்.

அலங்காரமும் அப்படியே. மற்றவர்கள் கல்யாணப் பெண்ணுக்கு அரிசி மாவை அப்பிக் கூத்து மேடைக்கு அனுப்புவது போல உட்கார வைப்பார்கள். நான் சந்தனத்தோடு காவிக்கல்லைச் சேர்த்து, அந்தப் பெண்ணின் நிறம் வரும்வரை இழைப்பேன். அதைக் கண்ணுக்குக் கீழே, தழும்பு இருந்தால் தழும்பின் மேல், அங்கே மட்டும் தொட்டு வைப்பேன். கண்ணுக்குச் சுருமா ஒரு கோடு, உதட்டுக்குக் கொஞ்சம் வெண்ணெய். பார்க்கிறவர்கள் "ஒன்னும் பூசலியா?" என்று கேட்டால் என் வேலை சரியாக முடிந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் தெருவில் எந்த வீட்டில் நிக்காஹ் என்றாலும் பத்து நாள் முன்பே ஆள் அனுப்புவார்கள்.

சபியாவின் முகத்தைப் பதினான்கு வருஷம் நான்தான் கழுவினேன். ஒருநாளும் அவளாகக் கழுவிக்கொள்ள விட்டதில்லை.

பெருவெள்ளம் வந்த வருஷம், வெள்ளத்துக்கு முன்பு, அவளுக்கு மலையில் இருக்கும் வண்டன்மேட்டிலிருந்து வரன் வந்தது. ஏலக்காய் வியாபாரி கனி ராவுத்தரின் மகன். பையனிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். பையனின் தாய் பாத்துமுத்து நிச்சயம் பேச வந்தபோது, நானும் சபியாவோடு மலைக்கு வந்து ஆறு மாதம் இருந்து அவளைப் பழக்கிவிட்டுத் திரும்புகிறேன் என்று மரியாதையாகக் கேட்டேன். அந்த அம்மாள் நல்ல வேடிக்கைக்காரி.

"மருமகள மட்டுந்தான் கேட்டு வந்தோம். ஒரு வீட்டுக்கு ஒரு மாமியா போதாதா? நான் இன்னும் மௌத்தாகலையே," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சபியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தனியாகக் கேட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. மலைக் காற்றைப் பற்றித்தான் யோசித்தேன். அங்கே ஆறு மாதம் வெயில் இல்லை. ஈரக் காற்றில் வளர்ந்த தோல் வேறு, நம் ஊர்த் தோல் வேறு. கல்யாணத்தை அந்த மழை முடியும்வரை தள்ளிப்போட்டால் போதும் என்று நினைத்தேன். சும்மா தள்ளச் சொன்னால் அண்ணன் கேட்க மாட்டார். காரணம் வேண்டும்.

எங்களுக்குத் துணி வெளுத்த பூமாரியின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. துணியில் குறி போடச் சேராங்கொட்டைப் பால் தொடுவார்களே, அது சிந்திச் சிந்தி வந்தது. முதலில் கருக்கும், கொப்புளிக்கும், ஆறிய பிறகு அந்த இடத்தில் நிறம் இருக்காது. அவளிடம் கேட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, மூணு வருசமாச்சு. நோவுமில்ல, அரிப்புமில்ல. கோயில்ல பக்கத்துல நிக்கறவதான் தள்ளித் தள்ளி நிக்கறா," என்றாள்.

தோலுக்கு அடியில் நிறம் செய்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பால் அதைத் தூங்க வைத்துவிடுகிறது என்று ஊகித்தேன். நீங்கள் படித்தவர், சரிதானா என்று சொல்லுங்கள். கொப்புளம் இல்லாமல் நிறம் மட்டும் போக வேண்டுமானால் எண்ணெயில் மிகவும் நீர்க்கச் செய்து, பல நாள் பூச வேண்டும். முதலில் என் முழங்கைக்கு மேலே பூசிப் பார்த்தேன். இதோ, இன்னும் இருக்கிறது. அளவை எழுத வேண்டாம். வேறு யாராவது படித்துவிட்டு அவசரப்பட்டுப் புண்ணாக்கிவிடுவார்கள்.

சபியாவின் இடது கன்னத்தில், காதுக்குப் பக்கத்தில், ஒரு வெற்றிலைக் காம்பின் நுனியால் தொட்டுவைத்தேன். தினமும் சாயங்கால எண்ணெயோடு. நாற்பது நாளில் புளியங்கொட்டை அகலத்துக்கு வெளுத்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. அதில் நான் கவனமாக இருந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பயந்து, அத்தாவிடம் சொல்லலாமா மாமி என்று கேட்டாள். தேமல்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சந்தனமும் காவியும் இழைத்து மூடினேன். சூரிய வெளிச்சத்தில்கூடத் தெரியவில்லை. என் கைவேலையில் அதுதான் ஆகச் சிறந்தது.

ஏன் மூடினேன் என்கிறீர்கள். பாத்துமுத்துவின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருதாணி இடுகிற அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மணப்பெண்ணின் முகத்தைத் தங்கள் கையாலேயே கழுவிப் பார்ப்பார்கள். கழுவிய முகத்தைப் பார்த்த பிறகுதான் மருதாணி. இதை அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு வெள்ளைப் புள்ளியை நாமே காட்டினால் வைத்தியம் பார்க்கலாம் என்பார்கள். மூடி வைத்ததைக் கழுவும்போது கண்டால் பேச்சே இருக்காது. முன்பின் யோசித்தால் எளிதான கணக்குதான்.

அன்று எல்லாப் பெண்களும் கூடத்தில் இருந்தார்கள். பாத்துமுத்து சொம்பை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒங்க கைவேலயப் பாத்துட்டோம். அல்லா செஞ்ச வேலையையும் பாக்கணும்ல," என்றாள்.

கழுவினாள். இடது கன்னத்தில் அவள் கை நின்றது. அவள் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு தன் முந்தானையிலிருந்த ஊசியைக் கழற்றினாள். வெள்ளை விழுந்த இடத்தில் உணர்ச்சி இருந்தால் தேமல், இல்லையென்றால் பெருவியாதி, குஷ்டம், என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதையும் நான் யோசித்திருந்தேன். மூட்டுவலிக்குக் கடையில் விற்கும் நாபிக்கிழங்குத் தைலம் பூசிய இடத்தைச் சில மணி நேரம் மரக்க வைக்கும். கிராம்புத் தைலமும் செய்யும், ஆனால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். நாபிக்கு வாசனை இல்லை. அன்று காலை அலங்காரத்துக்கு முன்பே தொட்டு வைத்திருந்தேன்.

பாத்துமுத்து சபியாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவளும் மூடிக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சபியா பொறுமை இழந்து கேட்டாள்:

"எப்பக் குத்துவீங்க?"

கன்னத்தில் ஒரு சொட்டு ரத்தம் நின்றுகொண்டிருந்தது.

அவர்களுடைய வண்டிகள் அஸர் தொழுகைக்கு முன்பே போய்விட்டன. மறைத்து வைத்துப் பெண் கொடுக்கப் பார்த்த வீடு என்று பெயர் வந்தது. எங்கள் கடையில் மருந்து வாங்க யாரும் வரவில்லை. பெண்ணை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் வந்து அண்ணனிடம் சொன்னார்கள். வாளையாரில், ரயில்பாதைக்கு அப்பால், எங்களுடைய கடலைக்காட்டில் ஒரு ஓட்டு வீடு இருந்தது. நான் கூடப் போகிறேன் என்றேன். அன்று தெருவே என்னைப் பார்த்து அழுதது. இன்றும் துஆவில் என் பெயரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மழை முடிந்ததும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் வெள்ளம் வந்தது. மலைச்சாலைகள் இடிந்து விழுந்தன. அவள் அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கனி ராவுத்தர் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பையனுக்கு வேறு இடத்தில் முடித்தார்கள், மூன்று குழந்தைகள். அது வேறு விஷயம். அந்த ஒரு கல்யாணத்துக்காக, ஒரே ஒரு முறை செய்ததுதான். அதற்கு மேல் நடந்ததெல்லாம் ஊர் செய்தது.

வாளையார் வீட்டில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். காலையில் பயற்றமாவு, சாயங்காலம் எண்ணெய். கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டேன், அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. ஒருநாள் கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறித்து அந்தக் கன்னத்தில் பட்டது. அவள் அடுப்பைவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாமி, சுடுது. எனக்குச் சுடுது மாமி," என்றாள்.

வியாதி அப்படித்தான் ஏமாற்றும், செத்த இடம் உயிரோடு இருப்பது போலத் தோன்றும் என்றேன். என் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்க் குழம்பை இறக்கி வைத்தாள். அப்புறம் சுடுகிறது என்று சொன்னதே இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது இரண்டு விரலால் அந்த இடத்தைக் கிள்ளி, மெல்லிய குரலில் "இருக்கியா?" என்று கேட்பாள். கன்னத்தைத்தான் கேட்கிறாள். பதில் வராதவளைப் போல மறுபடி வேலையைப் பார்ப்பாள்.

இந்த நான்கு நாளாக வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆனாலும் அடுப்படியிலிருந்து அது கேட்கிறது. எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒருமுறை, இருக்கிறேன் என்று பதில்கூடச் சொன்னேன். அதோடு நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை.

அண்ணன் இறந்தபோது மய்யித்தைப் பார்க்க அவளை விடவில்லை. ரயில்பாதை வரை வந்து, பாலக்காடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நான் மட்டும் போனேன். மூன்று நாள் தங்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று நாளில்தான் அவள் இந்த முசாபரி பங்களாவில் உங்கள் பெருவியாதி முகாம் நடப்பதைக் கேள்விப்பட்டு நடந்து வந்திருக்கிறாள். ஊசி போடச் சொல்லி வரவில்லை என்றீர்கள். தான் இன்னும் எத்தனை வருஷம் இருப்போம் என்று கேட்க வந்தாளாம்.

கண்ணைக் கட்டிவிட்டு இறகால் தொட்டீர்கள். பன்னிரண்டு முறை தொட்டீர்கள், பன்னிரண்டு முறையும் தொட்ட இடத்தில் விரலை வைத்தாள். உனக்கு வியாதியே இல்லை என்று சொன்னதும், "இன்னொரு தடவ பாருங்க," என்றாள் என்று சொன்னீர்கள். அவளுக்கு எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கம் உண்டு. அது என்னிடம் கற்றது.

அடுத்த அறையில் இருக்கிறாள், என்னைப் பார்க்க மாட்டாள் என்கிறீர்கள். கோவைக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் வேலை கற்கப் போகிறாள் என்றும் சொன்னீர்கள். போகட்டும். போலீசுக்கு எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் கேட்டனுப்பியது ஒரே ஒரு கேள்விதான் என்றீர்கள்: அந்த இடத்தில் நிறம் திரும்பி வருமா?

வரும் என்று சொல்லுங்கள். ஒன்றும் பூசாமல் விட்டுவிட வேண்டும். காலை வெயில் கொஞ்சம் படலாம். முதலில் பூனைமயிர் முளைக்கிற குழியைச் சுற்றிக் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் வரும். ஓரத்திலிருந்து வருவதைவிட நடுவிலிருந்து வேகமாக வரும். பிறகு ஒன்றை ஒன்று தேடிப் போய்ச் சேரும். பார்க்க அழகாக இருக்கும், மழைத்துளி விழுந்து தரை நனைவது போல. ஐந்து மாதத்தில் பாதி நிறைந்துவிடும்.

உறுதியாகத் தெரியுமா என்று கேட்பாள். தெரியும். ஏழு வருஷத்தில் பதினொரு முறை வந்தது. ஒரு முறைதான் செய்தேன் என்று சொன்னேனே, அது கல்யாணத்துக்காகச் செய்தது. மற்றதெல்லாம் நிறம் திரும்பும்போது சாயங்கால எண்ணெயில் அந்தப் பால் ஒரு துளி. தேவையில்லாத நாளில் அந்த ஒரு துளியைக்கூட நான் அவள் முகத்தில் வைத்ததில்லை.