மூணாவது பொட்டு

ஐய, சொறியாதீங்க மாப்ள! கால்மணி நேரம் கைய அப்படியே வெச்சிருக்கணும்னு நர்சம்மா இப்பதான சொல்லிட்டுப் போச்சு? கோட்ட உச்சிக்கு மூச்சு வாங்காம ஏறுவேன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே பீத்திக்கினீங்க. ஊசி மொன பட்டதுக்கு அந்தக் கத்து கத்துறீங்க. அதோ அந்தப் பாப்பா கையிலயும்தான் சொட்டு வுட்டுக் குத்துனாங்க. உங்களப் பாத்துச் சிரிக்குது பாருங்க.

இன்னாது, மொத பொட்டு வீங்கிடுச்சா? நானும் அதப் பாத்துட்டுதான் கையெடுத்துக் கும்புட்டேன். அது எல்லாருக்கும் வீங்குமாம், இந்த அலர்ஜி டெஸ்ட்டு சரியா வேல செய்யுதான்னு பாக்கறதுக்கு வெக்கிறதாம். நமக்கு மூணாவது. அதான் மல்லாட்ட, நர்சம்மா வேர்க்கடலன்னு சொல்லுச்சே அது.

சிரிக்காதீங்க. மல்லாட்ட பித்தம்னு உங்க வூட்டுல அத வாசப்படியே மிதிக்க வுடமாட்டாங்க. வல்லத்துல நாங்க அதப் போட்டே பொழைக்கிறவங்க. சட்னி, பொடி, உருண்டன்னு அது இல்லாம எங்க அடுப்பு எரியாது. மறுவூட்டு விருந்துல ஒரு கை பாத்தீங்க, சாயங்காலமே ஒதடு வீங்கி ஒடம்பெல்லாம் தடிப்பு. தீவாளிக்கு வந்தீங்க, அப்பவும் அதேதான். மாமியாக்காரி சோத்துல மருந்து வெச்சி புள்ளைய மயக்கப் பாக்குறான்னு உங்கம்மா, மருந்து எடுக்கறவங்கிட்ட கூட்டிம்போயி வாந்தி எடுக்க வெச்சாங்க. மருந்து வெச்சா மாப்ள மயங்கி வந்து காலடியில கெடக்கணும்ல? நீங்க தெருப்பக்கமே வரல. தொழில் தெரியாத மருந்துக்காரி போல நானு!

கோவமா? உங்கம்மா மேலயா? சேச்சே. பெத்தவங்க, பயந்துட்டாங்க. வளகாப்புக்கு நான் கட்டியாந்த சோத்தெல்லாம் மாட்டுத் தொட்டியில கொட்டுனாங்க. மாடு நல்லாதான் தின்னுச்சு. தலப்பிரசவம் தாய் வூட்டுலதான் பாக்கணும், அதுக்கும் அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. வயிறு எரிஞ்சிது, இல்லேன்னு சொல்லல. அதான் இன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல உங்கள மடக்கி இங்க இழுத்தாந்தேன்.

இருங்க இருங்க, மூணாவது செவக்குது. தடிக்குது பாருங்க! வீங்கு சாமி, நல்லா வீங்கு. மருமவன் கை வீங்கணும்னு வேண்டிக்கிற மாமியா ஒலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். போன எடுத்து போட்டோ புடிங்க. உங்கம்மாவுக்கு அப்பறம் காட்டிக்கலாம், மொதல்ல உங்க பொண்டாட்டி வெண்மதிக்கு அனுப்புங்க.

அவளுக்கு எதுக்கா? வளகாப்பு அன்னிக்கி உங்கம்மா கொட்டறதுக்கு முன்னாடி புளிச்சோத்துல ஒரு உருண்ட ஒளிச்சி வெச்சி அவகிட்ட நீட்டுனேன். வாங்குனா. வாயில போடல. என் மூஞ்சியப் பாத்தா மாப்ள, நான் பெத்த பொண்ணு. அப்பறந்தான் தின்னா.

ஐய, கர்சீப்பெல்லாம் வேணாம். கைய ஆட்டாதீங்க.