நிறமுமில்லை, கோடுமில்லை

ஒட்டியே போட்டாரோ? ஐயோ அம்மா, சிரிக்கேல்லை, கோவிக்காதேங்கோ. முதல் இந்தக் கதிரையிலை இருங்கோ, ஃபானைப் போடுறன். மயிலிட்டியிலையிருந்து பஸ்ஸிலை வந்து இறங்கின களைப்போடை ஏசினா உங்களுக்குத்தான் தலையிடிக்கும்.

ஓம், கஜானன்ரை வள்ளத்திலை ஒட்டுற ஸ்ரிக்கர் வெட்டினது நான்தான். சின்னத்தங்கம் எண்டு உங்கடை பேர், ஒரு அடி உயரத்திலை, நல்ல சிவப்பு. பெத்த தாயின்ரை பேரை வைக்கிற பிள்ளை இந்தக் காலத்திலை ஆர் இருக்கினம்? ம்... அதுக்குக் கீழை லவீனா எண்டு கிடக்குது, அது ஆரெண்டு கேக்கிறியள். சொல்லுறன், ஓடேல்லை. அதுக்கு முதல் இதைப் பாருங்கோ. கிட்ட வாங்கோ.

இந்தா, உங்கடை பேர். கொம்பியூட்டரிலை ஒரு எழுத்துக்கு ரெண்டு சாமான் இருக்கு. உள்ளுக்கை நிரப்புற நிறம், சுத்திவர ஓடுற கோடு. நிறத்தை எடுக்கிறன், வெறுங்கோடு மட்டும் நிக்குது, கோலம் போட்ட மாதிரி. இப்ப கோட்டையும் எடுக்கிறன். எங்கை உங்கடை பேர்? காணேல்லை! ஆனால் போகேல்லை அம்மா, அங்கைதான் இருக்கு. நிறம் குடுத்தா, இந்தா, வந்திட்டுது! ஆறு வருசமா எனக்கு இது அலுக்கேல்லை.

அந்த லவீனாவும் அப்பிடித்தான், நிறமுமில்லாமல் கோடுமில்லாமல் உங்கடை பேருக்குக் கீழை கிடந்தது. உங்கடை மகன் கொண்டாற எல்லா வேலையிலையும் கிடந்ததுதான். போன வருசம் கோயில் திருவிழாவுக்கு அடிச்ச பனரிலையும்! பிறின்ரர் நிறத்தைத்தான் பாக்கும், இல்லாததை அடிக்காது. வெட்டுற மெசின் அப்பிடியில்லை. நிறம் இருந்தா என்ன விட்டா என்ன, எழுத்து இருந்தா கத்தி ஓடும். வெட்டிப்போட்டுது.

என்னது? ஓ, நீங்கள் வரேக்கை உந்த மேசையிலை நான் ஊசியோடை இருந்ததைப் பாத்திட்டியளோ? கெட்டிக்காரிதான் நீங்கள். ஓம், மெசின் வெட்டுறதோடை சரி. எழுத்தைச் சுத்தி இருக்கிற மிச்சத்தை ஊசியாலை ஒவ்வொண்டா உரிச்செடுக்க வேணும், இல்லாட்டி ஒட்டேலாது. உரிச்சது ஆரோ? நான்தான். பிழையில்லை அம்மா. தெரிஞ்சுதான் அந்தப் பேரை உரிக்காமல் விட்டனான்.

ரெண்டு வருசமா வாறார், போறார், இந்த எழுத்துப் பெரிசு, அந்த எழுத்துச் சின்னன் எண்டதைத் தவிர வேறை கதையில்லை. நானும் வாய் திறக்கேல்லை, அவர் கொண்டாற வேலையிலை என்ரை பேரை ஒளிச்சு வைச்சதோடை சரி. இவ்வளவு கதைக்கிற நான்! அதாலைதான் உங்கடை பேருக்கும் என்ரை பேருக்கும் நடுவிலை நாலு விரக்கடை விட்டு வெட்டினனான். அவருக்கு வேண்டாமெண்டா கத்திரிக்கோலாலை ஒரு நறுக்கு, என்ரை பேரை எறிஞ்சு போடலாம், ஒருத்தருக்கும் மானக்கேடில்லை. ஒரு கிழமையா ஆளைக் காணேல்லை, ஃபோனும் இல்லை. எறிஞ்சிட்டார் எண்டு நினைச்சு எனக்குச் சோறு இறங்கேல்லை.

ஓம், வேதக்காரப் பிள்ளைதான். நீங்கள் உரிக்கச் சொன்னா நானே வந்து, தலைமயிர் காயவைக்கிற மெசினாலை சூடாக்கி, வள்ளத்திலை ஒரு கீறல் இல்லாமல் உரிச்சுத் தாறன், மாதாவாணை. ஆனால் அம்மா, இன்னும் ஒருக்காச் சொல்லுங்கோ. நறுக்காமல், முழுசா, தன்ரை கையாலையோ ஒட்டினவர்?