பொதுப் போல்டரும் என் மச்சினனும்

லேப்டாப் மக்கர் செய்தால் முதலில் அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும், ஐயா. பாதி வியாதி அதிலேயே ஓடிவிடும். மீதிப் பாதிக்குத்தான் என்னைப் போன்றவர்கள் சம்பளம் வாங்குகிறோம்.

லிஃப்ட் செய்து விற்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அலுவலகத்தில் எனக்கு ‘டாக்டர்’ என்று பட்டப்பெயர். என் மனைவியின் தம்பி அங்கேயே படம் வரைகிறவன். சேர்த்துவிட்டது நான்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே ஸ்கூட்டரில் வருவோம், ஒரே ஸ்கூட்டரில் திரும்புவோம். அவன் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வரைபடங்கள் எல்லாம் ஒரே பொதுப் போல்டரில் இருக்கும். அதிலிருந்து எடுத்துத்தான் பட்டறையில் இரும்பை வெட்டுவார்கள். போல்டரில் இல்லாத படம், வரையாத படம். அது முதலாளியின் சட்டம்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே எண் இருந்தால் தபால்காரர் கதி என்ன? புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். எண்களை என் கையாலேயே போட்டு, சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியும் வைப்பேன். என் போனுக்கு ஒன்பது. எனக்கு ராசியான எண். மச்சினனுக்குப் புது லேப்டாப் வந்த அன்று அவனுக்கும் அந்த ஒன்பதையே கொடுத்தேன். தன் ராசியை அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

மறுநாளே வந்து நின்றான்.

“மாமா, போல்டர் திறக்க மாட்டேங்குது. சிவப்பா பெருக்கல் குறி காட்டுது.”

“அணைச்சுப் போட்டியா?”

“போட்டுப் போட்டு விரல் தேஞ்சு போச்சு மாமா.”

என் தொழிலுக்கு ஒரு வேதம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், எது கோளாறு என்பது கடைசிவரை தெரியாது. கேபிளை மாற்றினேன். மேஜையை மாற்றினேன். லேப்டாப்பையே மாற்றி, அதற்கும் மறக்காமல் ஒன்பதைப் போட்டேன். சிவப்பு போகவில்லை.

இதற்கிடையில் ஓர் ஆஸ்பத்திரிக்கான லிஃப்ட் படம் தேங்கி நின்றது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “சனிக்கிழமைக்குள்ள படம் போல்டர்ல வரலன்னா மாமனும் வேணாம், மச்சானும் வேணாம். ரெண்டு பேரும் அதே ஸ்கூட்டர்ல வீட்டுக்குக் கெளம்புங்க” என்றார்.

துப்பு கொடுத்தது வரவேற்பறை அக்கா. “நீங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனீங்கல்ல, அப்ப தம்பியோட லேப்டாப்புல நல்லாத்தான் திறந்துச்சு. திரும்பி வந்து உக்காந்தீங்க, போயிடுச்சு. என்ன ஜாதகமோ.”

இருவர் வெளியே போனால் சரியாகிறது; இருவர் உள்ளே வந்தால் கெடுகிறது. ஒருவன் வைத்தியம் பார்க்க வந்தவன். இன்னொருவன் நோயாளிக்குச் சொந்தக்காரன். யாரைச் சந்தேகிப்பீர்கள்?

மச்சினனுக்கு விளையாட்டுப் புத்தி. “ஒருவேளை உங்களால இருக்குமோ மாமா? ஒரு நாள் லீவு போட்டுத்தான் பாருங்களேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டர் லீவு போட்டால் நாடி பிடிப்பது யார்?

சில உடம்புகளில் ஒரு மின்சாரம் ஓடும். அதுதான் கருவியைக் கெடுக்கிறது என்று கணித்தேன். மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். நாற்காலியை நடைக்கு நகர்த்தினேன். பிறகு அவனை மொட்டை மாடியில் நிறுத்திவிட்டு, கீழே லேப்டாப் முன்னால் நான் உட்கார்ந்து பார்த்தேன். மழை வந்தது. பரிசோதனையின் நடுவில் இன்னொன்றைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்பதால் குடை கொடுக்கவில்லை. அப்போதும் சிவப்புதான்.

மீதி இருந்தது இரும்பு. ஷோரூமில் ஒரு சாம்பிள் லிஃப்ட் இருக்கிறது. நான்கு பக்கமும் தகடு, உடம்பு மின்சாரம் வெளியே கசியாது. சனிக்கிழமை அரை நாள். எல்லோரும் கிளம்பிய பிறகு, “உள்ள நில்லு மாப்ளே, ஒரு நிமிஷ வேலை” என்றேன். தட்டாமல் நின்றான். நல்ல பையன். உலோகம் எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன்: பெல்ட், வாட்ச், போன், சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஆஸ்துமா பம்ப். அதுவும் உலோகக் குப்பிதானே ஐயா. இரண்டு தளத்துக்கு நடுவில் லிஃப்டை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டேன். மின்சாரம் கலக்கக் கூடாது என்று விளக்கையும் மின்விசிறியையும் அணைத்தேன்.

என் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன் காத்திருந்தேன். மேலே தட்டும் சத்தம் கேட்டது. முதலில் பலமாக. பிறகு இருமலோடு. பிறகு மெதுவாக. மின்சாரம் வடிகிறது என்று புரிந்தது.

மனைவி போன் செய்தாள். “தம்பி எங்கங்க? கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிறான்.”

“வேலையா இருக்கான்.”

“அது என்னங்க சத்தம்?”

“அது ஒண்ணுமில்ல. கொறஞ்சுக்கிட்டுதான் வருது.”

அவள் வைத்துவிட்டாள். நேராகப் போலீசுக்குப் பேசியிருக்கிறாள். பொறுமை இல்லாத குடும்பம்.

இன்ஸ்பெக்டர் வந்து சாவி கேட்டார். போல்டர் திறந்ததும் தருகிறேன் என்றேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். போனைப் பிடுங்கிப் பெண் காவலரிடம் கொடுத்தார். அந்தப் பெண் அதை அணைத்தார். அந்தப் போனை நான் ஒரு நாளும் அணைத்ததில்லை.

அப்போதுதான் போல்டர் திறந்தது, ஐயா. படங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிப் படத்தை முதலில் போல்டரில் ஏற்றினேன். ஏற்றி முடிந்ததும் காலுறையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். சொன்ன சொல் தவறாதவன் நான். இன்ஸ்பெக்டர் மாடிக்கு ஓடினார்.

பெண் காவலர் லேப்டாப்பையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன் சார், ரெண்டுலயும் ஒன்பதுன்னு ஒட்டியிருக்கீங்களே. ரெண்டுக்கும் ஒரே நம்பரா?”

“ராசி நம்பர்ம்மா. அதுல கோளாறு வராது.”

நல்ல செய்தியை மனைவிக்குச் சொல்ல வேண்டுமே என்று கெஞ்சினேன். அவர் போனை உயிர்ப்பித்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் திரையில் மறுபடி சிவப்பு. மேலேயிருந்து ஓர் இருமல் கேட்டது. இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, மச்சினன் படியிறங்கி வந்தான். அவன் வெளியே வந்தான், இணைப்பு போனது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆக, பூட்டியது நான்தான். விசிறியை நிறுத்தியது நான்தான். பம்ப்பை வாங்கி வைத்ததும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் என் பரிசோதனை பாதியில் நிற்கிறது. இப்போது அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், நான் இங்கே இருக்கிறேன், அவன் லேப்டாப்பில் போல்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் திறக்கிறதாம். முதலாளியே சொல்லி அனுப்பினார். அவன் அங்கே இல்லையே, திறக்காமல் என்ன செய்யும்?

திங்கட்கிழமை அவன் வேலைக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன். என்னை அன்று ஒரு மணி நேரம் அங்கே அழைத்துப் போங்கள், போதும். விலங்கோடு வந்தாலும் சரி. அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். சிவப்பு வரும். அப்போது எல்லோருக்கும் புரியும், கோளாறு யாரிடம் என்று.

என் போனை மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு இருந்தது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், ஐயா.