அரை விநாடி தாமதித்த பெருந்தகைக்கு

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்று பணியாற்றிய நெடியோரே! பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுவோர் நிறைந்த எம் ஊருக்கு மேலே, பூமியின் வேகத்திலேயே தாமும் சுற்றி, எம் கண்ணுக்கு இம்மியும் நகராத இணையிலாரே! தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் எனும் திருப்பெயர் தாங்கியவரே! வணக்கம்.

பதினைந்து ஆண்டுகளில் தாங்கள் சுமந்தவை கொஞ்சமா? பள்ளிகளுக்குப் பாடம் சுமந்தீர்கள்; மீனவர்க்குப் புயல் செய்தி சுமந்தீர்கள்; மாமியார் மருமகள் சண்டைகளையும் முகம் சுளிக்காமல் சுமந்தீர்கள். செல்போனுக்கு மலை மறைத்த அடி அண்ணாமலையில், எங்கள் தொலைமருத்துவ அறைத் திரைக்குச் சென்னை மருத்துவரின் முகத்தைக் கொண்டுவந்தீர்கள். ஆயுத பூஜையன்று மாடி டிஷ்ஷின் மூக்கில் சந்தனத்தை அப்பிவிட்டு, "சிக்னல் ஏன் கம்மியாச்சு?" என்று தங்களையே திட்டிய எங்கள் டெக்னீஷியன் விமல்ராஜையும் பொறுத்தீர்கள்.

ஓய்வு பெறுவோரை "ஒருநாளும் தாமதித்ததில்லை" என்று புகழ்வது எங்கள் வழக்கம். அது பொய்யென்று மேடைக்கும் தெரியும், மாலைக்கும் தெரியும். தங்களிடம் அப்படிப் புளுக முடியாது. கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை விநாடி எடுத்துக்கொள்வீர்கள்.

சென்ற ஐப்பசி மழையில் கேபிள் அறுந்து கிடந்த நாளில், பூ விற்கும் சந்திரம்மாள் வீங்கிய காலும் காய்ச்சலுமாக வந்தார்.

"வாந்தி இருக்கா?" என்றார் திரையில் மருத்துவர். பதில் உடனே வராததால் அடுத்ததையும் கேட்டார்: "பென்சிலின் ஊசி ஒத்துக்காம போனதுண்டா?"

அந்த நேரம் பார்த்து, முதல் கேள்விக்கான "இல்லீங்க" அவரிடம் போய்ச் சேர்ந்தது.

"அப்ப பென்சிலினே போட்டுடுங்க."

ஊசிக்குள் மருந்தை இழுத்துக்கொண்டிருந்த நர்ஸ் மணிமொழியின் கை நின்றது. "சார், அக்கா சொன்னது வாந்திக்கு. ஊசிக்கு இன்னும் வாயே தொறக்கல. நீ சொல்லுக்கா."

"போன வருஷம் அதைப் போட்டுதான் மூச்சடைச்சு விழுந்தேன். செத்துப் பொழச்சவடி நான்!"

மருந்து மாறியது. அன்றுமுதல், ஒரு கேள்விக்குப் பதில் போய்ச் சேரும்வரை மணிமொழி கையைத் தூக்கிப் பிடிப்பார்; அதை இறக்கும்வரை எவரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை, மருத்துவர் உட்பட.

குழப்பமும் தங்களால்தான் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் எல்லாத் தொடர்பும் அற்றுப்போன அந்த மழையில், கேட்க ஒரு டாக்டரைக் கொண்டுவந்தவரும் தாங்களே அல்லவா!

எரிபொருள் தீரப் போகிறது. மிச்சமிருக்கும் சொட்டைக் கொண்டு நாளை இன்னும் முந்நூறு கிலோமீட்டர் மேலே ஏற்றித் தங்களை அணைத்துவிடுவார்களாம். லட்சக்கணக்கான ஆண்டுகள் அங்கே இருக்கப் போகிறவரை "நூறாண்டு வாழ்க" என்றால் வசவாகிவிடும். எனவே வாழ்த்தும் பொறுப்பை, இந்த வழியனுப்பு விழாவுக்கு வந்திருக்கும் சந்திரம்மாளிடமே விட்டோம்.

"அணைச்சிட்டா இருட்டுல கெடக்குமாடி?" என்று முதலில் மணிமொழியைக் கேட்டார்.

"இல்லக்கா, அங்க வெயில்தான் ஜாஸ்தி."

"அப்ப சரி." வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "வேல முடிஞ்சுதுன்னு நிம்மதியா இரு சாமி. காலு வீக்கம் வத்திடுச்சு. நடக்கறேன்."

இங்ஙனம்,
அன்பு மாறா ஊழியர்கள்,
தொலைமருத்துவ அறை, அடி அண்ணாமலை.